வீடு தேடி வரும் அலுவலர்: நன்னடத்தைப் பணியும் ஊர்ப் பாதுகாப்பும்

குற்றத்தையும் தண்டனையையும் பற்றி நம்மிடையே நடக்கும் பேச்சில் மூன்று பேருக்குத்தான் இடம் உண்டு: பிடிக்கிற போலீஸ்காரர், தீர்ப்புச் சொல்கிற நீதிபதி, பூட்டி வைக்கிற சிறை அதிகாரி. நன்னடத்தை அலுவலர் என்று நான்காவதாக ஒருவர் இருக்கிறார். தமிழ்நாட்டில் சிறைத் துறையைச் சேர்ந்த ஒரு பிரிவாக அவருக்கு அலுவலகம் உண்டு, கோப்பு உண்டு, சட்டம் தந்த கடமைகள் உண்டு. செய்தித்தாளில் மட்டும் அவர் வருவதில்லை. ஊரின் பாதுகாப்புக்கு இவர் என்ன செய்கிறார் என்பதே என் பொருள். நான் நிறுவ விரும்புவதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மனிதனை வெளியே விடலாமா, உள்ளே வைக்க வேண்டுமா என்று முடிவெடுக்கும் மேசைக்கு, வேறு எந்தத் துறையாலும் தர முடியாத தகவலை விசாரித்துத் தருகிறவர் இவர். வெளியே விட்ட பிறகு அந்த மனிதனோடு உட்கார்ந்து பேசக் கடமைப்பட்ட ஒரே அரசு ஊழியரும் இவரே. அவரால் ஊருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு இந்த இரண்டிலும் அடங்கியிருக்கிறது. கையெழுத்து வாங்கும் குமாஸ்தாவாகவோ, சீருடை போடாத இன்னொரு போலீஸாகவோ அவரை நாம் ஆக்கினால், அவருடைய சம்பளத்தோடு சேர்த்துப் பாதுகாப்பையும் வீணாக்குகிறோம்.

இந்தப் பணி நமக்கு இறக்குமதிச் சரக்காக நேற்று வந்ததில்லை. 1920-ல் இந்தியாவிலேயே முதலாவதாகச் சிறுவர் சட்டம் இயற்றியது சென்னை மாகாணம். பதின்ம வயதுக் குற்றவாளிகளுக்கான பார்ஸ்டல் பள்ளிச் சட்டம் 1925-ல் வந்தது. 1936-ல் சென்னைக் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் வந்தது. பம்பாயும் ஐக்கிய மாகாணமும் 1938-ல்தான் அந்த வழிக்கு வந்தன. விடுதலைக்குப் பிறகு, 1951-52-ல் ஐக்கிய நாடுகள் சபை அனுப்பிய அமெரிக்கக் குற்றவியல் அறிஞர் வால்டர் ரெக்லஸ் இந்தியச் சிறைகளைச் சுற்றிப் பார்த்து அறிக்கை தந்தார். அந்தக் காலத்துச் சீர்திருத்த ஆர்வத்தின் பயனாக 1958-ல் நாடு முழுவதற்குமான நன்னடத்தைச் சட்டம் பிறந்தது. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றங்கள் நீங்கலாக, வேறெந்தக் குற்றத்திலும் தண்டிக்கப்பட்டவரை நீதிமன்றம் உடனே சிறைக்கு அனுப்பாமல், மூன்றாண்டுக்கு மேற்படாத காலத்துக்குப் பிணைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு விடலாம் என்கிறது அதன் 4-ஆம் பிரிவு. தேவைப்பட்டால் ஓர் ஆண்டுக்குக் குறையாமல் நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வையில் வைக்கலாம். 21 வயதுக்கு உட்பட்டவரென்றால், அலுவலரின் அறிக்கையைப் பார்க்காமலும் காரணத்தை எழுதாமலும் சிறைக்கு அனுப்பக்கூடாது என்கிறது 6-ஆம் பிரிவு.

சட்டம் இத்தனை தெளிவாக இருந்தும் அது மேசைக்கடியில் கிடக்கிறது என்பது நீதிபதிகளே சொன்ன குறை. வேத் பிரகாஷ் வழக்கில் நீதியரசர் கிருஷ்ண ஐயர், தண்டனை நிர்ணயிக்கும் கட்டத்தில் இந்தச் சட்டத்தை வழக்கறிஞர்களும் கவனிப்பதில்லை, நீதிமன்றங்களும் கவனிப்பதில்லை என்று கடிந்துகொண்டார். எதிர்த் திசையிலும் தவறு நடந்தது. இளகிய மனத்தோடு, யாரையும் விசாரிக்கச் சொல்லாமலே 'நன்னடத்தையில் விடுகிறேன்' என்று எழுதிய தீர்ப்புகள் உண்டு. 2005-ல் டெல்லி மாநகராட்சி தொடர்ந்த வழக்கில், 4-ஆம் பிரிவின் கீழ் ஒருவரை விடுவதற்கு முன் அலுவலரின் அறிக்கையைக் கேட்டுப் பெறுவது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லவேண்டி வந்தது. ஆளைத் தெரியாமல் தண்டிப்பது எவ்வளவு குருட்டுத்தனமோ, ஆளைத் தெரியாமல் விடுவதும் அவ்வளவு குருட்டுத்தனம் என்பதை இவ்விரு தீர்ப்புகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் காணலாம். 1841-ல் பாஸ்டன் நீதிமன்றத்தில் குடிகாரர் ஒருவருக்குத் தானாக முன்வந்து ஜாமீன் நின்று இந்த முறையைத் தொடங்கிவைத்த ஜான் அகஸ்டஸ் என்ற செருப்புத் தைப்பவரும் கண்ணை மூடிக்கொண்டு எல்லோருக்கும் ஜாமீன் நின்றவர் இல்லை. ஆளின் முந்தைய நடத்தை, வயது, இனிமேல் யாரோடு எங்கே இருக்கப்போகிறான் என்பதை விசாரித்த பிறகே பொறுப்பேற்றார். விசாரணை முதலில், இரக்கம் பிறகு என்ற வரிசை அன்றே இருந்தது.

அறிக்கை என்ற சொல் உலர்ந்த சொல். அது எப்படி உருவாகிறது என்று சற்று நெருங்கிப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் நாம் பரோல் என்று சொல்வதற்கு 1982-ஆம் ஆண்டின் தண்டனை நிறுத்திவைப்பு விதிகளில் அவசர விடுப்பு, சாதாரண விடுப்பு என்று பெயர். ஒரு கைதி சாதாரண விடுப்புக் கேட்டால், சிறைக் கண்காணிப்பாளர் நன்னடத்தை அலுவலரிடம் அறிக்கை கேட்கிறார். காவல் நிலையத்தின் கருத்தும் வருகிறது. காவல் நிலையத்திலிருந்து வரும் தாளில் பெரும்பாலும் ஒரே வரிதான்: 'விடுப்பில் வந்தால் சட்டம் ஒழுங்குப் பிரச்சினை ஏற்பட வாய்ப்புள்ளது.' நிலைய எழுத்தர் அதை எழுத நாற்காலியை விட்டு எழ வேண்டியதில்லை. ஒழுங்காக வேலை செய்யும் நன்னடத்தை அலுவலரோ அந்த ஊருக்கே போயாக வேண்டும். கைதியின் வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள், மனைவி அங்கேயே இருக்கிறாரா, தாய்வீட்டுக்குப் போய்விட்டாரா என்று பார்க்க வேண்டும். அண்ணன் 'அழைத்துக்கொள்கிறேன்' என்று சொல்வது மனமாரவா, வீட்டுப் பாகப்பிரிவினைக்குத் தம்பியின் கையெழுத்து வேண்டியா என்று மோப்பம் பிடிக்க வேண்டும். கொலை வழக்கென்றால், செத்தவரின் வீடு அதே தெருவில் இருக்கிறதா, அடுத்த தெருவிலா என்று நடந்து பார்க்க வேண்டும். கேட்கும் தேதிகளில் ஊர்த் திருவிழா வருகிறதா, இரண்டு தரப்பும் ஒரே பந்தலில் நிற்கும்படி ஆகுமா என்று கிராம நிர்வாக அலுவலரிடமும் டீக்கடையிலும் கேட்க வேண்டும். இவ்வளவும் தெரிந்தால் 'விடுப்புத் தரலாம்; ஆனால் சொந்த ஊரில் தங்காமல் அக்காள் வீட்டில் தங்கட்டும், திருவிழா முடிந்து வரட்டும்' என்று எழுத முடியும். ஒட்டுமொத்த மறுப்புக்கும் ஒட்டுமொத்த அனுமதிக்கும் நடுவே இப்படி ஒரு மூன்றாவது வழியைக் கண்டுபிடித்துத் தருவதுதான் பாதுகாப்பு. போலீஸ் 'வேண்டாம்' என்றும் நன்னடத்தை அலுவலர் 'தரலாம்' என்றும் எழுதி, சிறை நிர்வாகம் மறுத்து, கைதியின் மனைவியோ தாயோ சென்னையிலோ மதுரையிலோ உயர் நீதிமன்றப் படியேறுவது நமக்கு வாடிக்கையாகிவிட்ட காட்சி. இரண்டு தாள்களில் எது நடந்து போய் எழுதப்பட்டது என்று பார்த்தாலே பல வழக்குகளுக்குத் தேவை இராது.

வெளியே விட்ட பிறகு நடக்கும் மேற்பார்வைக்கு வருவோம். கடுமையாகக் கண்காணித்தால் குற்றம் குறையும் என்பது யாருக்கும் இயல்பாகத் தோன்றும் எண்ணம். 1980-களின் அமெரிக்கா இதை நம்பி, அடிக்கடி சந்திப்பு, அடிக்கடி சிறுநீர்ப் பரிசோதனை என்று தீவிர மேற்பார்வைத் திட்டங்களைத் தொடங்கியது. ரேண்ட் ஆய்வு நிறுவனத்தின் ஜோன் பீட்டர்சிலியாவும் சூசன் டர்னரும் 14 இடங்களில் குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்துச் சோதித்து 1993-ல் முடிவை வெளியிட்டார்கள். ஓராண்டுக்குள் மீண்டும் கைதானவர்கள் தீவிர மேற்பார்வையில் 37 சதவீதம், வழக்கமான மேற்பார்வையில் 33 சதவீதம். நிபந்தனை மீறலில் சிக்கியவர்களோ 65 சதவீதத்துக்கு 38 சதவீதம். அதாவது குற்றம் குறையவில்லை. சந்திப்புக்கு வராதது, ஊரை விட்டுப் போனது போன்ற மீறல்கள் மட்டும் நிறையக் கண்ணில் பட்டன, அதனால் சிறை நிரம்பியது. பிலடெல்பியாவில் பிறகு நடந்த சோதனை இதன் மறுபக்கம். ஆபத்துக் குறைந்தவர்கள் என்று கணிக்கப்பட்டவர்களை ஓர் அலுவலருக்கு நானூறு பேர் என்ற கணக்கில் மிக லேசாக மேற்பார்த்தார்கள். அவர்கள் மீண்டும் குற்றம் செய்யும் விகிதம் கூடவில்லை. யாரை விட்டுப் பிடிக்கலாம் என்று தெரிந்தால், மிச்சமாகும் நேரத்தை யாருக்குத் தேவையோ அவருக்குத் தரலாம்.

அந்த நேரத்தில் என்ன நடக்க வேண்டும் என்பதற்குக் கனடாவின் ஜேம்ஸ் போண்டா குழு பதில் தேடியது. மானிடோபா மாகாணத்தில் அலுவலர்களின் சந்திப்புகளை ஒலிப்பதிவு செய்து கேட்டபோது, பேச்சில் பெரும்பகுதி நிபந்தனைகளைப் பற்றியே போவதைக் கண்டார்கள்: கையெழுத்துப் போட்டாயா, அபராதம் கட்டினாயா. நிபந்தனைப் பேச்சு நீண்ட இடங்களில் மீண்டும் குற்றம் செய்தவர்களும் அதிகம். பிறகு, குற்றத்துக்கு இட்டுச்செல்லும் எண்ணங்களையும் சகவாசத்தையும் குடியையும் பற்றி எப்படிப் பேசுவது என்று அலுவலர்களில் குலுக்கல் முறையில் ஒரு பிரிவினருக்குப் பயிற்சி தந்தார்கள். 2011-ல் வெளியான முடிவின்படி, பயிற்சி பெற்றவர்களின் பொறுப்பில் இருந்தோரில் இரண்டாண்டுக்குள் மறுபடி குற்றம் செய்தவர் ஏறத்தாழ நூற்றுக்கு 25 பேர். மற்றவர்களிடம் இருந்தோரில் 40 பேர். இது சிறிய ஆய்வு, இதை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் கோட்டை கட்ட வேண்டாம். ஆனால் ரேண்ட் ஆய்வோடு சேர்த்துப் பார்த்தால் திசை ஒன்றுதான்.

இத்தனைக்கும் பிறகு, இந்தப் பணியைக் குலைத்தால் என்ன ஆகும் என்பதை ஒரு நாடு தன் மக்கள் மீதே சோதித்துக் காட்டியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2014-ல் நன்னடத்தைப் பணியை இரண்டாகப் பிளந்தார்கள். அதிக ஆபத்துள்ளவர்கள் அரசிடம். மற்றவர்கள் 21 ஒப்பந்த நிறுவனங்களிடம், விளைவைப் பார்த்துக் காசு. நிறுவனங்கள் எதிர்பார்த்த வருவாய் வரவில்லை, ஆட்களைக் குறைத்தார்கள். ஒரு நிறுவனத்தில் பலரை ஆறு வாரத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பில் 'மேற்பார்வை' செய்ததை அரசின் ஆய்வாளரே எழுதினார். மீண்டும் குற்றம் செய்தோரின் விகிதம் சற்றுக் குறைந்தது என்பதை மறைக்கக்கூடாது. ஆனால் அப்படிச் செய்தவர்கள் ஒவ்வொருவரும் செய்த குற்றங்களின் சராசரி எண்ணிக்கை 2011-க்கும் 2017-க்கும் இடையே 22 சதவீதம் கூடியதாக அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் 2019-ல் காட்டியது. திட்டம் திருத்த முடியாத அளவுக்குப் பழுதானது என்று தலைமை ஆய்வாளர் கிளெனிஸ் ஸ்டேசி சொன்னார். 2021 ஜூனில் எல்லாவற்றையும் திரும்ப அரசே எடுத்துக்கொண்டது. போனவை பணமும் ஆண்டுகளும் மட்டுமென்றால் பரவாயில்லை. அனுபவப்பட்ட அலுவலர்கள் விலகிப் போனதை எந்த அரசாணையாலும் ஈடுகட்ட முடியவில்லை.

இங்கேதான் மிக வலுவான ஆட்சேபம் எழுகிறது. மேற்பார்வையில் இருந்தவனே கொலை செய்கிறானே, அப்போது அலுவலர் எங்கே போனார்? 2022 ஜூனில் கிழக்கு லண்டனில் சட்டம் படித்த இளம்பெண் ஒருவர் வீட்டுக்கு நடந்து போகும் வழியில் கொல்லப்பட்டார். கொன்றவன் ஒன்பது நாள் முன்புதான் நிபந்தனையின் பேரில் சிறையிலிருந்து வெளிவந்தவன். இதைச் சின்ன விஷயமென்று யாரும் தள்ளக்கூடாது. நன்னடத்தை முறையை ஆதரிப்பவர்கள் தள்ளவே கூடாது. ஆய்வு அறிக்கை என்ன கண்டது? வெவ்வேறு கோப்புகளில் அவனுடைய வன்முறையைப் பற்றிய தகவல்கள் சிதறிக் கிடந்தன; யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. 'அதிக ஆபத்து' என்று குறிக்கப்பட வேண்டியவன் 'நடுத்தர ஆபத்து' என்று குறிக்கப்பட்டான். சந்திப்புகளுக்கு வராதபோதும் அவனைத் திரும்பச் சிறைக்கு அழைக்கும் முடிவு தாமதமானது. அலுவலகத்தில் ஆள் பற்றாக்குறை. இந்தப் பட்டியலில் 'அலுவலர் தேவையில்லை' என்று சொல்லும் ஒரு வரி உண்டா? விசாரித்துத் தொகுத்து அறிகிற வேலை நடக்காமல் போனதன் விலை அது. ஒன்று மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்: எவ்வளவு நல்ல அலுவலராலும் எதிர்காலத்தை முழுக்கக் கணிக்க முடியாது, சில தவறுகள் நடக்கும். சிறையில் வைத்திருந்து, காலம் முடிந்ததும் ஒரு சொல் கேட்காமல் வாசலைத் திறந்துவிடும் முறையிலும் நடக்கும். பின்னதில் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பதால் அது செய்தியாவதில்லை.

பாதிக்கப்பட்டவர் பக்கத்திலிருந்து வரும் ஆட்சேபம் வேறு வகை. அடித்தவனுக்கு அலுவலர், அடிபட்டவருக்கு யார்? இதில் நியாயம் இருக்கிறது. சட்டம் சில கதவுகளை ஏற்கெனவே மூடியிருக்கிறது: பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நன்னடத்தை விடுதலை இல்லை என்கிறது. நம் ஊர்களை அறிந்தவர்கள் அதன் காரணத்தை அறிவார்கள். அலட்சியமாக வண்டி ஓட்டி உயிரைப் பறித்தவர்களுக்கு இந்தச் சலுகை பொருந்தாது என்று 2000-ல் தல்பீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் மற்ற வழக்குகளில், பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தர உத்தரவிடும் அதிகாரம் 1958 சட்டத்தின் 5-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. அந்தத் தொகையைக் கட்டவைக்க உதவுவது 14-ஆம் பிரிவின்படி அலுவலரின் கடமை. சிறையில் இருப்பவனால் சம்பாதித்துக் கட்ட முடியாது. வேலைக்குப் போகிறவனால் முடியும். அறிக்கை எழுதும் அலுவலர் பாதிக்கப்பட்டவர் வீட்டுக் கதவையும் தட்டியே ஆக வேண்டும் என்று விதி வேண்டுமென்பது என் கருத்து. இப்போது அது ஆளைப் பொறுத்து நடக்கிறது.

இதையெல்லாம் போலீஸே செய்துவிடலாமே என்பவர்களுக்குச் சென்னையின் அனுபவமே பதில். பழைய குற்றவாளிகளைச் சரித்திரப் பதிவேட்டில் ஏற்றுவதும், நன்னடத்தைப் பிணைப் பத்திரம் எழுதி வாங்குவதும், மீறினால் உள்ளே தள்ளுவதும் போலீஸ் நெடுநாளாகச் செய்துவருகிற வேலை. அந்தப் பத்திரங்களை வாங்கவும் மீறலுக்குத் தண்டிக்கவும் காவல் துணை ஆணையர்களுக்கு அதிகாரம் தந்த அரசாணைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023-ல் செல்லாதென்றது. பிடிப்பவரும் தீர்ப்பளிப்பவரும் ஒருவராக இருக்கக்கூடாது என்ற பழைய நியாயம்தான். அதைவிட நடைமுறையான காரணமும் உண்டு. மறுபடி குடிக்கத் தொடங்கிவிட்டேன், பழைய கூட்டாளிகள் வந்து கூப்பிடுகிறார்கள் என்பதை ஒருவன் தன்னைப் பிடித்துக்கொண்டு போகக் காத்திருப்பவரிடம் சொல்லமாட்டான். சொல்லத் துணியும் ஓர் ஆள் இருந்தால்தான் குற்றம் நடப்பதற்கு முன்னால் தகவல் வரும். காலில் மாட்டும் ஜிபிஎஸ் கருவியும் இந்த இடத்தை நிரப்பாது. விடுப்பில் போகும் கைதிகளுக்கு மின்னணுக் கருவி மாட்டலாம் என்று 2023-ன் மாதிரிச் சிறைச் சட்டம் சொல்கிறது. ஜம்மு காஷ்மீர் போலீஸ் ஜாமீனில் வந்தவர் காலில் மாட்டியும் பார்த்தது. சில வழக்குகளில், குறிப்பாகப் பாதிக்கப்பட்டவரின் வீட்டுப் பக்கம் போகாமல் தடுக்க, அது பயன்படலாம். ஆள் எங்கே நிற்கிறான் என்பதைத்தான் அது சொல்லும். எதற்காக நிற்கிறான் என்பதைக் கேட்டுத்தான் அறிய வேண்டும்.

செலவைப் பற்றிய கேள்விக்கு ஜப்பான் ஒரு வழி காட்டுகிறது. அங்கே சம்பளம் வாங்கும் அலுவலர்கள் சுமார் ஆயிரம் பேர்தான். 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நியமிக்கப்பட்ட தன்னார்வலர்கள் ஏறத்தாழ 47,000 பேர். பெரும்பாலும் வயதானவர்கள், தங்கள் வீட்டிலேயே தேநீர் கொடுத்து உட்காரவைத்துப் பேசுகிறவர்கள். நம் 1958 சட்டத்தின் 13-ஆம் பிரிவும் அங்கீகாரம் பெற்ற சங்கங்கள் தரும் அலுவலர்களை ஏற்க இடம் தருகிறது. அந்த வாசலை நாம் திறக்கவே இல்லை. ஆனால் அப்படியே எடுத்துவந்துவிடவும் முடியாது. 2024 மே மாதம் ஓட்சு நகரில் ஒரு தன்னார்வலர், தான் கவனித்துவந்தவராலேயே கொல்லப்பட்டார். தனியாக, தன் வீட்டில் வைத்துச் சந்திக்கும் பழக்கத்தை அதன் பிறகு ஜப்பான் மறுபரிசீலனை செய்யத் தொடங்கியது. நம் ஊரில் இன்னொரு தடையும் சேரும்: எந்தத் தெருவைச் சேர்ந்த தன்னார்வலர், எந்தத் தெருவைச் சேர்ந்தவனை மேற்பார்ப்பது? ஆகவே தன்னார்வலர் துணையாக இருக்கலாம். விசாரித்து அறிக்கை எழுதுவது சம்பளமும் பயிற்சியும் பெற்ற, இடமாறுதலுக்கு உட்பட்ட அலுவலரின் வேலையாகவே இருக்க வேண்டும்.

இதைத் தள்ளிப்போட முடியாத காரணம் ஒன்று 2024 ஜூலை 1-ல் வந்து சேர்ந்தது. அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, சமூகப் பணியை ஒரு தண்டனையாகச் சேர்த்திருக்கிறது. 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளை முதல்முறை திருடி, பொருளைத் திருப்பித் தந்தவருக்குச் சமூகப் பணி விதிக்க வேண்டும் என்கிறது 303-ஆம் பிரிவு. ஒரு நடுவர் அப்படி உத்தரவிட்டால், ஆள் எந்த மருத்துவமனைக்கு, எந்த நேரத்துக்குப் போக வேண்டும், அங்கே யார் வருகைப்பதிவு வைப்பது, வராவிட்டால் யார் நீதிமன்றத்துக்குச் சொல்வது என்பதைச் சட்டம் விவரிக்கவில்லை. அவரவர் கையில் கிடைத்தவரிடம் ஒப்படைக்கும் நிலைதான். இயல்பாக இது நன்னடத்தை அலுவலரின் மேசைக்கு வர வேண்டிய கோப்பு. இப்போதுள்ள ஆள்பலத்தோடு அதை அவர் தலையில் கட்டினால், விடுப்பு விசாரணைக்கு ஊருக்குப் போகும் அலுவலர் போகாமலே எழுதத் தொடங்குவார். மாவட்டத்தில் எத்தனை நடுவர் நீதிமன்றங்கள், ஆண்டுக்கு எத்தனை விடுப்பு மனுக்கள், எத்தனை மேற்பார்வை உத்தரவுகள் என்று கணக்கெடுத்து, ஓர் அலுவலருக்கு இத்தனை கோப்புக்கு மேல் இல்லை என்ற உச்சவரம்பை விதியில் எழுதுவதும், ஊருக்குப் போகாமல் எழுதிய அறிக்கையை நீதிமன்றம் திருப்பி அனுப்புவதும் இப்போது செய்யக்கூடிய வேலைகள். உள்துறையும் உயர் நீதிமன்றமும் சேர்ந்து உட்கார்ந்தால் இதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.